அதே குருவிதானா?

"சென்ற ஆண்டு வந்த அதே ஜோடிதான் இந்த ஆண்டும் வந்திருக்கிறது." குருவிப்பெட்டி தொங்கும் வீடு எதற்குச் சென்றாலும் இந்த வாக்கியத்தைக் கேட்கலாம். சொல்பவரின் முகத்தில், வெளியூரில் வேலை பார்க்கும் மகன் விடுமுறைக்கு வந்துவிட்டதைச் சொல்வது போன்ற ஒரு மலர்ச்சி இருக்கும். "எப்படித் தெரியும்?" என்று கேட்டுப் பாருங்கள். "அதே பெட்டிக்குத்தானே வருகிறது!" என்பதுதான் விடை. வாடகை வீடொன்றில் ஆண்டுதோறும் விளக்கெரிவதைத் தெருவில் நின்று பார்த்துவிட்டு, உள்ளே குடியிருப்பது அதே குடும்பந்தான் என்று சாதிப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

இதற்கு நேர்மாறான இன்னொரு வாக்கியமும் வழக்கில் உண்டு. "குருவியில் என்ன ஐயா அடையாளம்? எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை." இவ்விரண்டையும் ஒரே மனிதர் ஒரே மாலைப்பொழுதில் சொல்லக் கேட்டதுண்டு. ஒரே அச்சில் வார்த்தவை என்றால் 'அதே ஜோடி' என்று அவர் கண்டுகொண்டது எங்ஙனம்? இந்த முரண்பாடு அவரை உறுத்தவேயில்லை. உறுத்தாததற்குக் காரணம், இரண்டையும் அவர் பார்த்துச் சொல்லவில்லை என்பதே. முன்னதை ஆசை சொல்கிறது. பின்னதைச் சோம்பல் சொல்கிறது. இவ்விரண்டையும் எதிர்த்தே இக்கட்டுரை எழுதப்படுகிறது. முன்னதன் மீது எனக்குச் சற்றுக் கூடுதலான கோபம் உண்டு. ஏனெனில் அது அன்பின் வேடத்தில் வருகிறது.

ஆசையை முதலில் எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்து நாட்டு மக்களுக்கு ராபின் என்னும் செம்மார்புக் குருவியின் மீது தீராத பாசம். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளில் பனிக்கு நடுவே உட்கார்ந்திருக்குமே, அதுதான். ஆணும் பெண்ணும் நம் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். தோட்டத்தில் மண்வெட்டி பிடிப்பவர் அருகில் கூசாமல் வந்து நிற்கும். முன்புறம் திறந்த பெட்டி வைத்தால் கூடு கட்டும். "எங்கள் ராபின் பல ஆண்டுகளாக எங்கள் தோட்டத்தை விட்டு அகலவில்லை" என்று அங்கே தாத்தாக்களும் பாட்டிகளும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். டேவிட் லாக் என்னும் இளைஞர் டெவன் வட்டாரத்தில் டார்ட்டிங்டன் என்னுமிடத்துப் பள்ளியொன்றில் ஆசிரியராயிருந்தார். 1930-களில் அவர் அங்குள்ள ராபின்களைப் பிடித்து, ஒவ்வொன்றின் காலிலும் வெவ்வேறு வண்ணச் சேர்க்கையில் சிறு வளையங்களை மாட்டிவிட்டுப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். அதன் விளைவாக 1943-இல் வெளிவந்தது ராபினின் வாழ்க்கையைப் பற்றிய அவருடைய நூல். அதில் கண்ட உண்மை தாத்தா பாட்டிகளுக்கு இனிப்பாயிருந்திருக்க முடியாது. வளர்ந்த ராபின்களில் பாதிக்கு மேற்பட்டவை ஆண்டுதோறும் மாண்டுபோகின்றன. வளர்ந்த ஒரு பறவை இனி எதிர்பார்க்கக்கூடிய சராசரி வாழ்நாள் ஓராண்டுக்குச் சற்றே கூடுதல்; அவ்வளவுதான். பல்லாண்டு காலம் தோட்டத்தில் நின்றது ஒரு ராபின் அன்று. ஒன்று விழ, இன்னொன்று வந்து, அதே மண்வெட்டிப் பிடியின் மேல் அதே தோரணையில் உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக்காரர்கள் இடத்தை அடையாளங்கண்டு, பறவையை அடையாளங்கண்டதாக மகிழ்ந்திருக்கிறார்கள்.

நம் சிட்டுக்குருவியின் கதை இதைவிடச் சற்று மேலானது, அவ்வளவே. வளர்ந்த குருவிகளில் ஏறத்தாழப் பாதி ஓர் ஆண்டைத் தாண்டுவதில்லை என்பது பிரிட்டனில் கால்வளையக் கணக்குகளால் தெரியவந்தது. ஆணும் பெண்ணும் ஆக இரண்டும் உயிரோடிருந்து, இரண்டும் ஒரே பெட்டிக்குத் திரும்பி, இரண்டும் பிரியாதிருந்தால்தானே 'அதே ஜோடி'? அப்படி நிகழ்வதும் உண்டு. ஆனால் அதை நாணயத்தைச் சுண்டிப் பாராமலே 'தலை' என்று சொல்லிவிட முடியாது.

"சரி, வேறு குருவியாகவே இருக்கட்டும். அதனால் என்ன குடி முழுகிப்போயிற்று?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பழைய நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும்.

இந்தியப் பறவையியலின் தந்தை எனப் போற்றப்படும் சாலிம் அலி 1896-இல் பிறந்தவர். பத்து வயதுச் சிறுவனாயிருந்தபோது அவர் கையில் ஒரு காற்றுத் துப்பாக்கி இருந்தது. குதிரை லாயத்தின் சுவரில் ஒரு பொந்து. அதில் ஒரு பெண் குருவி முட்டையிட்டு அடைகாத்திருந்தது. ஆண் குருவி வாயிலருகே காவல் அமர்ந்திருந்தது. சிறுவன் ஒரு வண்டியின் பின்னால் மறைந்திருந்து ஆணைச் சுட்டு வீழ்த்தினான். சிறிது நேரத்திற்கெல்லாம் அதே இடத்தில் இன்னோர் ஆண் வந்து காவல் அமர்ந்தது. அதையும் சுட்டான். மீண்டும் ஒன்று வந்தது. ஏழு நாட்களில் எட்டு ஆண் குருவிகள்! பெண் குருவி உள்ளேயே இருந்தது. 1906-1907-ஆம் ஆண்டுகளில் எழுதி வைத்த இக்குறிப்பைத் தம் முதுமையில் தன்வரலாற்று நூலிலும் அவர் சேர்த்தார். 1985-இல் வெளிவந்த அந்நூலின் தலைப்புக்கு 'ஒரு குருவியின் வீழ்ச்சி' என்று பொருள். அத்தலைப்பைக் கேட்டவுடன் எந்த வசனம் நினைவுக்கு வரும் என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. (அவர் குறித்தது வேறொரு குருவியை, பின்னர் அவர் சுட்ட, தொண்டையில் மஞ்சள் தீற்றுடைய குருவி அது. அதன் பெயரை அறியப் போய்த்தான் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வாயிலை மிதித்தார்.)

அந்த ஏழு நாட்களில் லாயத்தின் எதிரே வேறொருவர் நின்று, துப்பாக்கிச் சத்தம் கேளாமல், பொந்தை மட்டும் பார்த்திருந்தார் என்று வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமை: ஆண் ஒன்று, பெண் ஒன்று. செவ்வாய்: ஆண் ஒன்று, பெண் ஒன்று. அடுத்த ஞாயிறு வரை அதே கணக்கு. அவர் என்ன எழுதியிருப்பார்? "ஜோடி நலமாயிருக்கிறது. ஒரே ஜோடி ஒரு வாரமாகக் கூட்டை விட்டு அகலவில்லை" என்றுதான் எழுதியிருப்பார். எட்டுப் பிணங்கள் வண்டிக்குப் பின்னால் கிடக்கையில் ஏட்டில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது. ஆண்கள் எட்டு என்பதை அச்சிறுவன் அறிந்தது, கொன்றதனால். கொல்லாமல் அறியும் வழி அன்று அவனுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்; தெரிந்தும் நாம் செய்வதில்லை.

குடி முழுகுவது இங்கேதான். சென்ற பதினைந்து ஆண்டுகளாக நம் நகரங்களில் குருவிப்பெட்டி இயக்கம் பரவியிருக்கிறது. 2010 முதல் மார்ச் 20-ஆம் நாள் உலகச் சிட்டுக்குருவி நாளாகக் கொண்டாடப்படுகிறது. பள்ளிகளிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் பெட்டிகள் வழங்கப்படுகின்றன. நல்ல காரியம், ஓட்டுக்கூரையும் சுவர்ப் பொந்தும் ஒழிந்த இக்காலத்தில் பறவைக்கு இடம் கொடுப்பதைக் குறைசொல்ல எனக்கு நாவில்லை. குருவிக்கு 'அடைக்கலக்குருவி' என்று பெயரிட்ட மக்கள் நாம். ஆனால் ஆண்டு முடிவில் எழுதப்படும் அறிக்கைகளைப் பாருங்கள். இத்தனை பெட்டிகள் கொடுத்தோம். இத்தனையில் குருவி குடியேறியது. ஆகவே இத்தனை ஜோடிகளைக் காப்பாற்றினோம். பெட்டிகளை எண்ணிவிட்டுக் குருவிகளை எண்ணியதாக நினைத்துக்கொள்கிறார்கள். எப்போதும் நிறைந்திருக்கும் பெட்டி வெற்றியின் அடையாளமாக இருக்கலாம். அல்லது அந்த லாயத்துப் பொந்தைப் போல, சுற்றியுள்ள இடங்களிலிருந்து குருவிகளை ஒவ்வொன்றாக இழுத்து, ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருக்கும் குழியாகவும் இருக்கலாம். எதிர்வீட்டுப் பூனை ஒன்று போதும். சுழலும் மின்விசிறிக்கு நேரே வைத்த பெட்டி ஒன்று போதும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டையும் வேறுபடுத்திக் காட்டும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இன்று வந்திருப்பது நேற்று வந்த பறவைதானா?

குஞ்சுகளின் சாவும் இக்கேள்வியோடு பிணைந்திருக்கிறது. பெட்டிக்குக் கீழே இறகு முளைக்காத குஞ்சுகள் செத்துக் கிடந்தால் வெயில் என்கிறோம், காக்கை என்கிறோம், அண்டை வீட்டுக்காரர் கண்பட்டது என்றுகூடச் சொல்கிறோம். ஸ்பெயின் நாட்டில் பெட்டிகளில் வாழ்ந்த குருவிகளைக் கவனித்து 1990-இல் வெளியிடப்பட்ட ஆய்வு கசப்பான ஒன்றைச் சொன்னது. ஜோடியில் ஒன்று மறைந்து அவ்விடத்திற்குப் புதிய பறவை வரும்போது, வந்தது முன்னவற்றின் குஞ்சுகளையோ முட்டைகளையோ அழித்துவிடுவதுண்டு. இதில் ஆணுக்கு மட்டுமன்றிப் பெண்ணுக்கும் பங்குண்டு. குஞ்சுகள் கீழே விழுந்த நாளில் பெட்டியின் மேல் அமர்ந்து கத்திக்கொண்டிருக்கும் ஆண் குருவியைப் பார்த்து, "பாவம், தகப்பன் அழுகிறான்" என்று உருகும் வீட்டுக்காரருக்கு, அது தகப்பன்தானா என்பது தெரியுமா? உருகுவதற்கு முன் அதைக் கேட்டிருக்கலாமே!

குடும்பக் கதைகளை அளவுக்கு மீறிப் பறவைகள் மீது ஏற்றுபவர்களுக்கு இன்னொன்று. 1987-இல் இங்கிலாந்தில் டி.என்.ஏ. சோதனை முறையைக் குருவிகளிடம் பயன்படுத்தியபோது, ஒரு கூட்டில் வளரும் குஞ்சுகளெல்லாம் அக்கூட்டைக் காக்கும் ஆணுக்கே பிறந்தவையல்ல என்று தெரிந்தது. எத்தனை கூர்மையான கண்ணாலும் இதைக் கண்டிருக்க முடியாது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

இனி, 'எல்லாம் ஒரே அச்சு' என்னும் சோம்பலுக்கு வருவோம்.

இங்கிலாந்தில் சசெக்ஸ் வட்டாரத்தில் டிச்லிங் என்னும் சிற்றூரில் லென் ஹோவர்டு என்ற புனைபெயருடைய ஓர் அம்மையார் வாழ்ந்தார்; 1894-இல் பிறந்து 1973-இல் மறைந்தவர். இசைக்குழுவில் வயோலா வாசித்தவர். அத்தொழிலை விட்டுச் சிற்றூரில் குடியேறி, சன்னல்களைத் திறந்து வைத்தார். பெருஞ்சிட்டு என்று நாம் பெயரிடக்கூடிய, மஞ்சள் வயிறும் கருந்தலையும் வெண்கன்னமும் கொண்ட சிறு பறவைகள் வீட்டுக்குள்ளேயே வந்து போயின. அறைகளில் பொருத்திய பெட்டிகளில் இரவு தங்கின. அவற்றை அவர் ஒவ்வொன்றாக அறிந்திருந்தார். கால்வளையம் மாட்டாமல் முகத்தாலும் நிற்கும் வகையாலும் குணத்தாலும் இன்னது இன்னதென்று கண்டார். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தார். 1952-இல் அவர் எழுதிய நூல், பறவைகள் தனித்தனி ஆளுமை உடையவை என்பதைத் தலைப்பிலேயே அறிவித்தது. ஜூலியன் ஹக்ஸ்லி போன்ற அறிவியலாளர் அதற்கு முன்னுரை எழுதினார்.

எளிதில் நம்பாதவர்கள் கேட்கும் கேள்வி நியாயமானது: வளையமில்லாமல் சொன்னதை எப்படிச் சரிபார்ப்பது? என் கருத்து இதுதான். அம்மையார் சொன்ன ஒவ்வொரு கதையையும் நான் ஏற்பதற்கில்லை. ஆனால் அவர் அடையாளங்கண்டதில் பெரும்பகுதியை நம்புகிறேன். பறவைகள் கைக்கெட்டும் தூரத்தில், அன்றாடம், இடைவெளியில்லாமல் அவர் கண்முன் இருந்தன. இடைவெளியில்லாமை என்பதுதான் இங்கே உயிர்நாடி. தாய் தன் பிள்ளையை நாள்தோறும் பார்ப்பதால் அவன் முகம் மாறுவதே அவளுக்குத் தெரிவதில்லை. பத்தாண்டு கழித்துக் காணும் மாமன் திகைத்து நிற்கிறான். பறவையின் முகமும் மாறுகிறது. தொடர்ந்து பார்ப்பவர் அம்மாற்றத்தோடு கூடவே நடக்கிறார். மூன்று மாதம் பாராமலிருந்துவிட்டு 'அதே ஜோடி' என்பவர் நூலை அறுத்துவிட்டு முடிச்சுப் போடுகிறார்.

வேறுபாடு பறவையிடம் இருக்கிறது. குறை நம் கண்ணில்தான் என்பதற்கு இப்போது எந்திரமே சாட்சி. ஆப்பிரிக்காவின் கூட்டுவாழ் தூக்கணாங்குருவிகள், பெருஞ்சிட்டுகள், கூண்டில் வளர்க்கப்பட்ட வரிக்குருவிகள் ஆகிய மூவகைப் பறவைகளின் ஒளிப்படங்களைக் கணிப்பொறிக்குக் கொடுத்துப் பழக்கினார்கள். 2020-இல் வெளியான அந்த ஆய்வில், நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அது தனிப்பறவையைச் சரியாகச் சொன்னது. முதுகுப்புறத்தைப் பார்த்தே சொன்னது! நம் கண்ணுக்கு எட்டாத நிறங்களும் உண்டு. ஆணும் பெண்ணும் ஒன்றுபோலத் தோன்றும் ஐரோப்பிய நீலச்சிட்டின் உச்சிக்கொண்டை புற ஊதா ஒளியில் ஆணுக்கு ஒருவிதமாகவும் பெண்ணுக்கு வேறுவிதமாகவும் மின்னுகிறது என்று 1998-இல் தெரியவந்தது. பறவைகள் தமக்குள் தடுமாறியதேயில்லை. நாம்தான் 'ஒன்றுபோல' என்று எழுதி வைத்திருந்தோம்.

ஆனால் எந்திரத்தின் வெற்றியில் ஒளிந்திருக்கும் ஒரு செய்தியை, படம் எடுத்தே எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று துள்ளுபவர்கள் கவனிக்க வேண்டும். கணிப்பொறி கற்றது எப்படி? காட்டுப் பறவைகளிடம் சிறு மின்னணுச் சில்லு பொருத்தப்பட்டிருந்தது. எந்தப் படம் எந்தப் பறவை என்பதை அச்சில்லு சொல்லிக்கொடுத்தது. விடைத்தாளை வைத்துக்கொண்டு எந்திரம் படித்தது. நாமோ விடைத்தாளும் இல்லாமல் தேர்வெழுதி, நமக்கு நாமே நூற்றுக்கு நூறு போட்டுக்கொள்கிறோம்.

விடைத்தாளை முதன்முதலில் செவ்வையாகச் செய்தவரும் ஒரு பள்ளி ஆசிரியர்தாம். டென்மார்க்கில் வீபோர் நகரத்து மார்ட்டென்சன். நம் மைனாவுக்கு உறவான ஸ்டார்லிங் பறவைகளைக் கூட்டுப்பெட்டிகளிலேயே பிடித்து, எண்ணும் முகவரியும் பொறித்த அலுமினிய வளையங்களை 1899-இல் மாட்டினார். முன்னர் துத்தநாகத்தில் செய்து பார்த்தார். பாரம் அதிகமாயிருந்ததால் கைவிட்டார். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில், பெண் மக்களை வளர்த்துக்கொண்டே மார்கரெட் நைஸ் அம்மையார் 1928 முதல் தம் வீட்டருகே பாடும் குருவிகளுக்கு வண்ண வளையமிட்டு எழுதிய வரலாறு இன்றும் பாடமாயிருக்கிறது. பள்ளி ஆசிரியர், குடும்பத் தலைவி, வயோலா வாசித்தவர். நமக்கு நேரமில்லை, நாம் படித்தவர்கள் அல்லர் என்னும் சாக்குகளை இவர்களுக்கு முன் எப்படிச் சொல்வது?

ஆனால் வளையமிடும் வேலையை நாம் செய்யக்கூடாது. அது கைப்பயிற்சி வேண்டும் வேலை. நம் நாட்டில் காட்டுப் பறவையைப் பிடிக்க அரசின் இசைவும் வேண்டும். கண்ணையும் ஏட்டையும் கொண்டே நாம் செய்யக்கூடியது என்ன என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

ஆண் குருவியின் தொண்டையிலிருந்து மார்பு வரை இறங்கும் கருமையைத்தான் எல்லோரும் முதலில் பார்ப்பார்கள். அதன் அளவும் விளிம்பும் ஒவ்வொன்றுக்கும் வேறுபடும் என்பது உண்மை. (அது பெரிதாயிருப்பவனே கூட்டத்துக்குத் தலைவன் என்று நூல்கள் நெடுங்காலம் எழுதிவந்தன. பல ஆய்வுகளின் கணக்குகளை ஒன்றுசேர்த்து 2018-இல் பார்த்தபோது அதற்கான சான்று மெலிந்துபோயிற்று. ஆளைப் பார்த்து அதிகாரத்தை அளக்கும் நம் பழக்கத்தைக் குருவிக்கும் பூட்டியிருக்கிறோம் போலும்!) அடையாளத்திற்கு அந்தக் கருமையை மட்டும் நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும். இறகுதிர்ந்து புதிதாக முளைக்கும்போது கரிய இறகுகளின் நுனி வெளிறி இருக்கும். கருமை பாதி மறைந்து சிறிதாகத் தோன்றும். நாளடைவில் நுனிகள் தேய்ந்து உதிர, கருமை 'வளரும்'. சிறிய கருமையோடு ஒருவன், பெரிய கருமையோடு இன்னொருவன் என்று நீங்கள் இருவராக எழுதியது ஒருவனாகவே இருக்கலாம். கழுத்தை நீட்டினால் பெரிதாகும். சிலிர்த்து உட்கார்ந்தால் வடிவம் மாறும். புழுதியில் குளித்து வந்தால் சாம்பலாகும். அலகின் நிறமும் துணை நிற்காது: இனப்பெருக்கக் காலத்தில் கறுக்கும், பின்னர் வெளிறும்.

நம்பத்தக்கவை வேறு. கால்விரல் ஒன்று இல்லாமை. ஒட்டடை நூலோ பட்டத்து நூலோ சுற்றி அறுத்த கால். அலகின் நுனி கோணல். ஒரு பக்கக் கண் மூடியிருத்தல். இவை மாறுவதில்லை. சிறகில் தவறி முளைத்த ஒரு வெள்ளை இறகு நல்ல அடையாளம். இறகுதிர்ப்புக்குப் பின்னும் அவ்விடத்திலேயே வெள்ளையாக முளைப்பதுண்டு, முளைக்காமல் போவதும் உண்டு. ஒடிந்த வால் இறகு அடுத்த இறகுதிர்ப்பு வரை மட்டும் உதவும். பெண் குருவியிடம் அடையாளம் இல்லை என்பது ஆண்களையே பார்த்துப் பழகியவர்களின் பேச்சு. கண்ணுக்குப் பின் ஓடும் வெளிர்ப்பட்டையின் நீளத்தையும், முதுகின் கோடுகள் ஒன்றையொன்று தொடும் இடங்களையும் பாருங்கள். இடப்பக்கம் வேறு, வலப்பக்கம் வேறு. இரண்டையும் வரைந்துகொள்ள வேண்டும். கைப்பேசியில் படமெடுப்பவர்கள் ஒரே தூரத்திலிருந்து, ஒரே காலை வெளிச்சத்தில், இரு பக்கமும் எடுக்க வேண்டும். பளிச்சிடும் விளக்கு வேண்டாம், பெட்டியைத் திறக்கவும் வேண்டாம்.

பழக்கவழக்கத்தைச் சாட்சியாகக் கொண்டுவருவோர் மிகுதி. "எங்கள் ஆண் எப்போதும் மின்கம்பியில் உட்கார்ந்துவிட்டுத்தான் உள்ளே போவான்." கம்பியைத் தவிர அங்கே உட்கார வேறிடம் இல்லையென்றால் வருகிறவன் எல்லாம் அங்கேதான் உட்காருவான். பழக்கம் துணைச் சாட்சி மட்டுமே. தனியே நின்றால் தள்ளுபடி செய்ய வேண்டும்.

எங்கள் வீட்டுத் தாழ்வாரத்துப் பெட்டிக்கு நான் வைத்திருக்கும் விதி, ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு அடையாளங்கள் பொருந்தினாலன்றி 'அதே' என்னும் சொல்லை எழுதுவதில்லை என்பது. வலக்கால் நடுவிரல் இல்லாத ஓர் ஆண் இரண்டு பருவங்கள் அப்பெட்டியில் இருந்தது. விரலில்லாத ஆண்கள் ஊரில் வேறு இருக்கமாட்டா என்று என்ன உறுதி? இடச்சிறகின் வெண்பட்டையில் ஒரு கீறலும் உடன் இருந்ததால் எழுதத் துணிந்தேன். இன்னொரு விதியும் உண்டு. இரண்டு ஆண்களை ஒரே நேரத்தில் பார்த்தால் அவை இரண்டென்பது உறுதி. ஒரே நேரத்தில் இரண்டைப் பாராததனால் அது ஒன்றே என்று ஆகிவிடாது. கேட்கும்போது எளிய கணக்காகத் தோன்றும். பெட்டிக்கு முன் உட்கார்ந்தால், படித்தவர்களும் இதில்தான் வழுக்கி விழுகிறார்கள்.

"இப்படி வழக்காடு மன்றம் வைத்தால் குருவியைப் பார்ப்பதில் உள்ள மகிழ்ச்சி எங்கே?" என்று ஒரு நண்பர் சலித்துக்கொண்டார். பெயர் வைத்துக் கொஞ்சினால் போதாதா என்பது அவர் கட்சி. பெயர் வைப்பதை நான் எதிர்க்கவில்லை. ஹோவர்டு அம்மையாரும் வைத்தார். ஆனால் ஆண் வரும்போதெல்லாம் 'ராசா', பெண் வரும்போதெல்லாம் 'ராணி' என்று ஐந்தாண்டுகளாக ஒரே பெயரால் அழைப்பவர் எந்தப் பறவைக்கும் பெயர் வைக்கவில்லை. பெட்டிக்குப் பெயர் வைத்திருக்கிறார். மூன்றாவது ராசா எந்த வாரத்தில் காணாமற்போனான் என்பதைக் கேட்டால் அவருக்குத் தெரியாது. ஒரு ராசா இறந்தான் என்பதே தெரியாது. ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டாம். இறந்ததை அறியாமலே, அவன் இடத்தில் வந்தவனை அவன் பெயரால் அழைத்து மகிழ்வதற்கு அன்பு என்று பெயரிடலாமா? நம் வீட்டில் ஒருவருக்கு இப்படிச் செய்தால் பொறுப்போமா?

இங்கிலாந்தின் மேற்குக் கடலில் லண்டி என்றொரு சிறு தீவு உண்டு. அங்குள்ள சிட்டுக்குருவிகளுக்கு 2000 முதல் தனித்தனியே வளையமிட்டுப் பதிவு செய்துவருகிறார்கள். கடலைத் தாண்டி வேறு குருவிகள் வருவது மிக அரிது. ஆகவே பிறந்தது எது, இறந்தது எது, எந்தப் பெட்டிக்கு யார் மாறினார் என்பதெல்லாம் கணக்கில் நிற்கிறது. நம் தெருக்கள் தீவுகளல்ல. அவ்வளவு துல்லியம் நமக்குக் கிட்டாது. கிட்டாது என்பதனால் கணக்கே வேண்டாம் என்பதும், கிட்டிவிட்டதாகப் பொய்க்கணக்கு எழுதுவதும் ஒரே குற்றத்தின் இரு வடிவங்கள்.

பெட்டி வழங்கும் அன்பர்களிடமும் அறிக்கை தொகுப்போரிடமும் நான் கேட்பது ஒரே ஒரு பத்தி. படிவத்தில் 'பெட்டி நிறைந்ததா?' என்னும் கேள்விக்குப் பக்கத்தில் இன்னொரு கேள்வி இருக்கட்டும்: 'சென்ற முறை இருந்த ஆண்தானா? பெண்தானா? எதனால் சொல்கிறீர்கள்?' விடைக்கு மூன்று வாய்ப்புகள் கொடுங்கள்: ஆம், இல்லை, தெரியவில்லை. முதற்பருவத்தில் பெரும்பாலோர் மூன்றாவதைத்தான் எழுத நேரும், எழுதட்டும். படிவங்கள் வந்து சேரும்போது, எந்தத் தெருவில் 'இல்லை' மிகுதியாக இருக்கிறதோ அந்தத் தெருவுக்கு யாரேனும் ஒருவர் நேரில் போய், பெட்டிக்கு எதிரே பூனை இருக்கிறதா, மின்விசிறி ஓடுகிறதா என்று பார்த்துவர வேண்டும்.